மூழ்கக்கூடிய கட்டம்

2021-ல் மத்திய அரசு ‘டாய்கத்தான்’ என்ற போட்டியை நடத்தியது. மாணவர்கள் புதிய பொம்மைகளையும் விளையாட்டுகளையும் வடிவமைக்க வேண்டியிருந்தது. கொடுத்திருந்த தலைப்புகளில் சுற்றுச்சூழலும் ஒன்று. அதுபோல மன்னார் வளைகுடாவுக்கென்றே ஒரு போட்டி தூத்துக்குடி மாவட்டத்தில் நடக்க வேண்டும். கடற்கரைப் பள்ளிகளோடு கயத்தாறு போன்ற கரிசல் ஊர்ப் பள்ளிகளும் அதில் இறங்க வேண்டும். காற்றாலைகளைப் பார்த்து வளரும் அந்தப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது திருச்செந்தூர் போகும்போது கால் நனைக்கிற இடம். ஆனால் மேட்டு நிலத்து மழையும் ஓடை, குளம் என்று இறங்கிக் கடைசியில் அந்தக் கடலில்தான் போய்ச் சேருகிறது.

எனக்கு ஒரே கவலை, விதிகளைப் பற்றித்தான். ‘கடலைக் காப்போம்’ என்று அறிவித்தால் என்ன வரும் என்பது தெரிந்ததே. குப்பையைப் பொறுக்கினால் பத்துப் புள்ளி, ஆமையைக் காப்பாற்றினால் இருபது. அந்த ஆட்டத்தில் தோற்பவர் யாரும் இல்லை. நம் கடலில் தோற்றவர்கள் இருக்கிறார்கள்.

1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள். விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது தண்ணீருக்கு அடியில். 16 ஹெக்டேர் இருந்த வான்தீவு 2014-க்குள் ஏறக்குறைய 2 ஹெக்டேராகத் தேய்ந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வெட்டியவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்தது. அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். அலையைத் தடுத்த பாறை போனதும் தீவின் மணல் கரைந்தது. 2005-க்குப் பிறகுதான் வெட்டுவது நின்றது. பிள்ளைகள் எழுத வேண்டிய முதல் விதி இதில் இருக்கிறது: இந்தச் சுற்றில் நீ எடுத்ததற்கு இப்போதே காசு கிடைக்கும், பத்துச் சுற்று கழித்துப் பலகையில் ஒரு கட்டம் மூழ்கும், அதில் நிற்பது வேறொருவர் காயாக இருக்கும்.

இரண்டாவது விதியை முத்துக்குளிப்பிலிருந்து எடுக்கலாம். குளிப்பை அறிவிக்கும் முன், சிப்பி வளரும் கடலடிப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதிலுள்ள முத்தை மதிப்பிட்டு, சிப்பி முற்றவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பே கிடையாது. அப்படிக் காத்திருந்தும் சிப்பி தங்காமல் போன ஆண்டுகள் பல. அங்கே தாயக்கட்டைக்கு வேலை இருக்கிறது. கடைசிக் குளிப்பு 1961-ல்.

சங்குக்குளிப்பு அரசின் கையில் இருந்த காலத்தில் இரண்டேகால் அங்குல விட்டத்தில் ஓர் அளவுத் துளை வைத்திருந்தார்கள். கரைக்கு வந்த சங்கை அதில் விட்டுப் பார்ப்பார்கள். நுழைந்துவிட்டால் சிறிசு, உயிரோடு கடலுக்கே திரும்ப வேண்டும். மூச்சை அடக்கி இறங்கி எடுத்து வந்தவர் கண்ணெதிரில் அது திரும்பிப் போகும். அட்டையில் ஒரு வட்டம் வெட்டி இதைப் பலகையில் வைக்க எட்டாம் வகுப்புப் பிள்ளையால் முடியும். எடுத்ததைத் திருப்பி விடுகிற அந்தக் கணம் ஆட்டக்காரர் கைக்குத் தெரிய வேண்டும்.

மீன்பிடியை வைத்து டென்னிஸ் மெடோஸ் உருவாக்கிய ‘ஃபிஷ் பேங்க்ஸ்’ என்ற ஆட்டத்தைப் பல நாடுகளில் வகுப்பறைகளில் ஆடுகிறார்கள். குழுவுக்கொரு கம்பெனி, பெரும்பாலும் மீன் தீர்ந்துதான் ஆட்டம் முடியும். நல்ல ஆட்டம். ஆனால் நம் கடலில் எல்லாரும் ஒரே அளவுக் கம்பெனி இல்லை. விசைப்படகு இருக்கிறது, நாட்டுப்படகு இருக்கிறது, படகே இல்லாமல் கூலிக்குப் போகிறவர் இருக்கிறார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது ஒவ்வொருவர் வீட்டிலும் அது வேறு மாதிரி இறங்குகிறது. ஆளுக்கு ஒரே எண்ணிக்கையில் காய் கொடுத்துத் தொடங்கினால் அந்த ஆட்டம் தொடக்கத்திலேயே பொய் சொல்லிவிடும்.

மீட்கிற வழியையும் சேர்க்கத்தான் வேண்டும். வான்தீவைச் சுற்றி 2015 முதல் துளையிட்ட கான்கிரீட் பாறைகளை இறக்கினார்கள். அலை தணிந்தது, பவளம் ஒட்டி வளர்ந்தது, மீனும் வந்தது. அதன் விலையைப் பலகையில் மிக அதிகமாக வைக்க வேண்டும். வெட்டி எடுத்தபோது கிடைத்த காசு அதற்குப் போதாது என்று ஆடுகிறவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

நடுவர்களாகப் பேராசிரியர்கள் மட்டும் உட்கார வேண்டாம். தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளித்த பெரியவர்கள் இருவரையும், மீன் விற்கிற ஒரு பெண்ணையும் கூப்பிட்டு, முதல் ஆட்டத்தை அவர்களையே ஆடவிட வேண்டும். “இப்படியெல்லாம் நடக்காதும்மா” என்று அவர்கள் எந்த விதியில் காயைக் கீழே வைக்கிறார்களோ, அந்த விதியைக் கயத்தாற்றுப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்து திருத்தி எழுதட்டும்.