வரைதலும் போதாமையும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் பொருள் வரைதலும் ஒன்று. இவ்வளவே போதும் எனத் தாமே எல்லை வகுத்துக்கொள்ளுதல் அது. எல்லையைப் பிறர் வகுத்துவிட்டால், அதற்குள் அடங்கியிருப்பதும் வரைதலாகுமா? இவ்வினா நமக்கு முதலில் ஒரு கணிப்பொறியால் எழுந்தது. சென்ற தை மாதம் கொல்லிமலைப் பேருந்தில் மீண்டும் எழுந்தது.

1984ஆம் ஆண்டு நடுவணரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின் வழியாகப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கிற்று. பி.பி.சி. மைக்ரோ என்னும் பொறிகள் தரப்பட்டன. ஆசிரியப் பயிற்சியில் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே கண்ட நாம், அதன்பின் நிரல் எழுதக் கற்றோம். பொறியின் நினைவகம் 32 கிலோபைட். நாம் பயன்படுத்திய ஃபிளாப்பியின் ஒரு பக்கம் 100 கிலோபைட்தான் கொள்ளும். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுக்கும் அது காணாது. 31 கோப்புகளுக்குமேல் பதியவும் இயலாது. இடம் எஞ்சியிருந்தாலும் முப்பத்திரண்டாவதைப் பொறி மறுத்துவிடும்.

ஆகவே சுருக்கினோம். மாறிகளுக்கு ஓரெழுத்துப் பெயரிட்டோம். விளக்கக் குறிப்புகளை நீக்கினோம். பின்வருவோர் நிரலைப் புரிந்துகொள்ள உதவுபவை அவைதாம். அழித்த கோப்புகளின் இடம் ஆங்காங்கே துண்டாக நிற்கும். புதிய கோப்போ தொடர்ச்சியான இடத்தில்தான் அமரும். துண்டுகளை ஒன்றுசேர்க்கக் கட்டளையிட்டால், நினைவகத்திலிருக்கும் நிரல் அழிந்துபோகும். சேமிக்க இடம் தேடி, சேமிக்க வேண்டியதையே இழந்த நாட்கள் உண்டு.

நமது சிக்கனத்தைத் தலைமையாசிரியர் மெச்சினார். நாமும் அதனை ஒருவகை நோன்பென எண்ணி மகிழ்ந்தோம். ஒருநாள் மதிப்பெண் நிரலுக்கு இடம் வேண்டி, ஒரு மாணவி எழுதிய வாய்பாட்டு நிரலை அவளைக் கேளாமலே அழித்தோம். அவளிடம் வேறு படி இல்லை. "பரவாயில்லை டீச்சர்" என்றாள். அன்று நாம் வரைந்தது நமது பொருளையன்று, அவளுடையதை. பின்னர் 1.44 மெகாபைட் ஃபிளாப்பி வந்தபோது, பழைய வினாத்தாள்கள் முதலாக அனைத்தையும் அதில் அடைத்தோம். போதாமை நீங்கியதும் நோன்பும் நீங்கிற்று.

எனினும் அப்பழக்கம் முற்றும் வீணென்று சொல்ல மனமில்லை. வேண்டுவது எது, வேண்டாதது எது எனக் கேட்கவேனும் அது கற்பித்தது. கட்டாயம் நீங்கிய பின்னும் அக்கேள்வியை நாம் கைவிடாதிருந்திருந்தால், விரதம் ஆங்கே தொடங்கியிருக்கும்.

கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளையும் பேத்தி கைப்பேசியில் படம்பிடித்து வந்தாள். சோளக்காட்டை அடைந்தபோது இடமில்லை என்னும் அறிவிப்பு வந்தது. "எதைப் பாட்டி அழிக்கட்டும்?" என்றாள். தோழியர் அனுப்பிய படங்களின்மேல் அவள் விரல் நின்றது. "முதலில் நீ எடுத்தவற்றைப் பாரம்மா" என்றோம். ஒவ்வொரு வளைவாக அவள் பார்த்து முடிப்பதற்குள் பேருந்து செம்மேட்டை நெருங்கிவிட்டது.