உயிர் காத்த பெயர்

மனிதன் வாழ்வதும் மாள்வதும் அவனுக்கு இடப்படும் பெயரைப் பொறுத்தா? ஜெர்மனியின் புக்கன்வால்டு வதைமுகாம் இக்கேள்வியை எழுப்புகிறது.

1944 ஆகஸ்டில் நேசநாட்டு விமானப்படையினர் 168 பேர் அங்கே தள்ளப்பட்டனர். பிரான்சில் வீழ்த்தப்பட்டு, மாற்றுடையில் தப்ப முயன்றபோது பிடிபட்டவர்கள். 1929 ஜெனீவா உடன்படிக்கை தரும் 'போர்க் கைதி' என்ற பெயரை மறுத்து, 'பயங்கர விமானிகள்' என்றனர் நாஜிகள். பெயர் மாறியது, உரிமை பறந்தது! தலை மழிக்கப்பட்டது, வெறுந்தரை படுக்கையாயிற்று.

நியூசிலாந்து வீரர் பில் லமாசன் அவர்களுக்குத் தலைமை ஏற்றார். அணி குலையாது காத்தார். ஆயுத உற்பத்திக்கு உழைக்க மறுத்தார், மிரட்டலுக்குப் பணிந்தாரில்லை. வானில் தாம் எதிர்த்த அதே ஜெர்மன் விமானப்படைக்குச் செய்தி எட்டச் செய்தார். அக்டோபரில் அப்படை தலையிட, பெரும்பாலோர் போர்க் கைதி முகாமுக்கு மாற்றப்பட்டனர். இருவர் மாண்டனர், 166 பேர் பிழைத்தனர்.

மகிழ்வோம். ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அதே வேலிக்குள் யூதர் இருந்தனர். ரோமா மக்கள் இருந்தனர். அரசியல் கைதிகள் இருந்தனர். அவர்களுக்காகத் தலையிட்ட படை எது? 1937 முதல் 1945 வரை அம்முகாம் விழுங்கிய உயிர்கள் ஏறத்தாழ 56,000!

படைவீரனுக்குள்ள உரிமை வெறும் மனிதனுக்கு இல்லையா? 1949-இல் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை குடிமக்களுக்கும் காப்பளித்தது. நன்று. எனினும் ஏட்டுச் சட்டம் தானே எழுந்து நடவாது. லமாசன் தம் அணிக்காகக் கேட்டார். நாமோ, அணியேதும் இல்லாதவனுக்காகவும் கேட்க வேண்டும். மனிதன் என்ற பெயரே அவனைக் காக்கப் போதுமானதாகட்டும்!