தகுதி கேட்காத பாத்திரம்

நலோக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஹெராயின், மார்ஃபின் போன்ற அபின்வகைப் பொருட்கள் அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால் மூச்சு மெல்ல மெல்லக் குறையும். உதடு நீலம் பூக்கும். குறட்டை போல ஒரு சத்தம் கேட்கும். பிறகு அதுவும் நின்றுபோகும். அந்த நேரத்தில் ஊசியாகவோ மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவோ நலோக்சோனைக் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. அதன் வேகம் 30 முதல் 90 நிமிடம்வரைதான், அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இந்த மருந்தில் போதை கிடையாது.

மருத்துவர் அல்லாதவர்களும் இதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. அமெரிக்கா 2023இல் மருந்துச் சீட்டு இல்லாமல் ஸ்பிரேயை விற்க அனுமதித்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மருந்துக்கடையிலேயே இலவசமாகத் தருகிறார்கள். ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்துத் தாய் ஒருத்தி நடந்துபோய் வாங்கிவரலாம். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நலோக்சோன் இருக்கிறது. ஆனால் அது ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கிறது. மூச்சு நிற்பதோ வீட்டில்.

போதைப் பொருள் பயன்பாடு பற்றி மத்திய அரசு 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி அபின்வகையைப் பயன்படுத்துவோர் ஆண்களில் 4 சதவீதம், பெண்களில் 0.2 சதவீதம். இதைப் பார்த்து, இது ஆண்களின் பிரச்சினை, பெண்ணியத் தொகுப்பில் எதற்கு என்று கேட்கலாம். இரவு இரண்டு மணிக்கு அந்த ஆணின் பக்கத்தில் இருப்பது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். அம்மா, மனைவி, அக்கா. தறி ஓடும் வீடானாலும், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகும் வீடானாலும் விழித்திருப்பவள் அவள்தான்.

அவள் போன் செய்வாளா? செய்தால் முதலில் வருவது கேள்விதான்: "நீ என்ன பண்ணிட்டு இருந்தே?" சட்டமும் அவளுக்குத் துணை நிற்பதில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. அவருக்காக உதவி கேட்டவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, குற்றத்துக்குத் தெரிந்தே தன் வீட்டில் இடம் கொடுத்தவருக்கும் தண்டனை என்கிறது. மகன் அறைக்குள் என்ன செய்கிறான் என்று தெரிந்தும் வாய் திறக்க முடியாத தாய், இந்தச் சட்டத்தின் முன் யார்?

சாலை விபத்தில் நாம் இதைச் சரிசெய்திருக்கிறோம். உச்ச நீதிமன்றம் 2016இல் வழிகாட்டு நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவர் மீது வழக்கில்லை, பெயர் சொல்லும் கட்டாயமும் இல்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் ரத்தம் சிந்துபவருக்கு உதவினால் நல்லவர். வீட்டுக்குள் மூச்சுத் திணறுபவருக்கு உதவினால் சந்தேகத்துக்குரியவர். நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறதே என்பார்கள். தரும், நீதிமன்றத்தில் வாதாடிய பிறகு. காவல் நிலைய வாசலில் நிற்பவளுக்கு அது எட்டாது. கனடா 2017இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. உயிர் காக்க உதவி கேட்டவர்மீதும் அந்த இடத்தில் இருந்தவர்மீதும், போதைப் பொருள் வைத்திருந்ததாக மட்டும் வழக்குப் போட முடியாது. விற்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மாற்று மருந்து கையில் இருந்தால் பயம் விட்டுப்போகும், அவனாகத் தேடிக்கொண்டதுதானே என்பார்கள். காஞ்சியில் இருந்துகொண்டு இதற்குப் பதில் தேட நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பஞ்சம் வந்த இந்த நகருக்குத்தான் மணிமேகலை அமுதசுரபியோடு வந்தாள். அதற்கு முன் புகாரில் காயசண்டிகையின் பசியைத் தீர்த்தாள். காயசண்டிகையின் பசி தற்செயலானதல்ல, முனிவரின் நாவற்பழத்தைக் காலால் சிதைத்ததற்குக் கிடைத்த சாபம். அது தவற்றின் விளைவா என்று கேட்காமலே மணிமேகலை சோறு இட்டாள். சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றும்படி அரசனிடம் கேட்டவளும் அவள்தான். தவறு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. உயிர் இருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தேட நாட்கள் உண்டு, இரண்டாவதற்கு நிமிடங்கள்தான். செத்தவன் திருந்துவதில்லை.

என்னை உறுத்தும் மறுப்பு வேறு. இந்த மருந்தையும் பெண் கையில் கொடுத்து, இன்னொரு கூலியில்லாத செவிலி வேலையை அவள் தலையில் கட்டுகிறோமா? நாளை அவன் இறந்தால், "மருந்து இருந்துமா விட்டே?" என்று அவளைத்தானே கேட்பார்கள்? இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் மருந்தும் சட்டமும் சேர்ந்தே வர வேண்டும் என்கிறேன். உதவியவளைக் காக்கும் சட்டம், கை நடுங்கி உதவ முடியாமல் போனவளையும் காக்க வேண்டும். மருந்து அவளிடம் மட்டும் இருந்தால் போதாது. மருந்துக்கடை, ஆரம்ப சுகாதார நிலையம், கல்லூரி விடுதி, ரோந்து போலீஸ் எல்லாரிடமும் இருக்க வேண்டும். உரிமையாக வருவது அவள் கையை வலுவாக்கும். கடமையாக மட்டும் வந்தால் அதுவும் ஒரு விலங்குதான்.

காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. புற்றுநோயின் கடைசி நாட்களில் வலிக்கு மார்ஃபின் தரப்படுகிறது. வீட்டில் அதை வேளை தவறாமல் எண்ணிக் கொடுப்பவள் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோதான். அபினை நம்பிக் கொடுக்கும் அதே கையில் அதன் மாற்று மருந்தைக் கொடுக்க மட்டும் ஏன் தயக்கம்?

அந்த 0.2 சதவீதத்தையும் மறக்க வேண்டாம். மயங்கிக் கிடப்பவர் இந்த மருந்தைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாது, இன்னொருவர் வேண்டும். ஆண் நண்பர்களோடு சேர்ந்து பயன்படுத்துகிறான், வீட்டில் அவனுக்குத் தாய் இருக்கிறாள். பெண்ணோ கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். அவமானம் அவளைத் தனிமையில் வைக்கிறது, தனிமை அவளைக் கொல்கிறது. அந்தத் தாழ்ப்பாளை அவள் திறந்து வைக்க வேண்டுமானால், வெளியே இருப்பவர்கள் முதலில் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.