பிருந்தாவனத்திற்குக் குடிபெயர்ந்தவர்கள்

ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில் பதினோராவது அத்தியாயத்தில் வரும் இடப்பெயர்ச்சி உபந்நியாசங்களில் அதிகம் விரித்துரைக்கப்படுவதில்லை. தாமோதர லீலைக்கும் வத்ஸாசுர வதத்திற்கும் இடையே அது அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. கதை சொல்பவர், கண்ணனை உரலிலிருந்து அவிழ்த்துவிட்ட கையோடு பிருந்தாவனத்தில் கன்று மேய்க்க அனுப்பிவிடுகிறார். உரல் கிடந்த முற்றமோ கோகுலத்தில் இருந்தது. கன்று மேய்ந்த காடு வேறோர் இடத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு குடும்பம், குடும்பமென்ன, ஓர் ஊரே, சிறு குழந்தைகளோடு வீட்டைக் காலிசெய்துகொண்டு புறப்பட்டது என்பதைக் கேட்பவர்கள் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள்.

புறப்பட்டதற்குக் காரணம் குழந்தைகள்தாம். பூதனை வந்தாள், சுழற்காற்றாகத் திருணாவர்த்தன் வந்தான், பிறகு இரட்டை மருத மரங்கள் சாய்ந்தன. ஆயர்களுள் வயதாலும் அறிவாலும் முதிர்ந்தவரான உபநந்தர் எல்லோரையும் கூட்டி, இனி இவ்விடம் பிள்ளைகளுக்கு ஏற்றதன்று, இன்றே கிளம்பிவிட வேண்டும் என்று ஆலோசனை கூறினார். அன்றே வண்டிகள் பூட்டப்பட்டன. முதியோர், பெண்கள், குழந்தைகள், தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் வண்டிகளில் ஏறின. ஆண்கள் வில்லேந்திக் காவலாக வந்தனர். யசோதையும் ரோகிணியும் பிள்ளைகளோடு ஒரே வண்டியில் அமர்ந்தனர். போய்ச் சேர்ந்த இடத்தில் வீடு ஏதும் இல்லை. வண்டிகளையே பிறை வடிவில் நிறுத்தி அதைக் குடியிருப்பாக்கிக்கொண்டார்கள்.

அதற்கடுத்து வியாசர் கூறும் செய்தி நுட்பமானது. கோவர்த்தன மலையையும் யமுனைக் கரையையும் கண்ட மாத்திரத்தில் பலராமனும் கண்ணனும் பெருமகிழ்ச்சி கொண்டார்களாம். பெரியவர்கள் புறப்பட்டது அச்சத்தால். பிள்ளைகள் வந்து சேர்ந்தது ஆனந்தத்தில். ஒரே வண்டியில் வந்தவர்களுக்கு ஊர் இரண்டு விதமாகத் தோன்றியிருக்கிறது.

வேற்றூரில் பிள்ளை வளர்க்கும் குடும்பங்களில் இன்றும் இதுவே நிகழ்கிறது. அதை மும்பையில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் காணலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு மக்கள் செல்லத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1896-இல் பிளேக் நோய் தாக்கியதைத் தொடர்ந்து 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்டு, நெரிசலற்ற புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. அவற்றுள் ஒன்றான மாதுங்காவில், தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வந்த எழுத்தர்கள் குடியேறினார்கள். 1950-களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் எழுந்தபின் செம்பூரும் அவர்களுக்கு ஊராயிற்று. கடல் கடந்து செல்லாமலே, பேச்சு புரியாத ஊருக்குச் சென்றவர்கள் இவர்கள்.

தாராவியில் ஓர் இல்லத்தரசியின் விடியற்காலை குடங்களோடு தொடங்குகிறது. குழாயில் நீர் வருவது சில மணி நேரமே. அதற்குள் பிடித்தாக வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறையில் சமையலும் படுக்கையும் படிப்பும் பூசையும் நடைபெறுகின்றன. சுவரில் ஒரு பலகை, அதன்மேல் முருகன் படம், பக்கத்தில் பிள்ளைகளின் புத்தகப் பை. தரும நூல்கள் கிருகஸ்தனின் வீட்டைப் பற்றிக் கூறும்போது முற்றமும் பசுவும் விருந்தினருக்கான இடமும் உண்டு என்று எடுத்துக்கொள்கின்றன. இங்கே முற்றம் இல்லை. ஆனால் விருந்தினர் உண்டு. ஊரிலிருந்து வேலை தேடி வரும் இளைஞன் முதலில் தங்குவது இத்தகைய அறையில்தான். அன்றிரவு வீட்டுக் குழந்தை தான் படுக்கும் இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்துப் பரணில் ஏறிக்கொள்கிறது. விருந்தோம்பலைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் அது வாசிக்கப்போவது பல ஆண்டுகள் கழித்து.

அந்தக் குழந்தை வேறொன்றையும் செய்கிறது. அது தாய்க்கு வாயாக இருக்கிறது. ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும் தாய் தமிழில் சொல்வதை ஏழு வயதுப் பிள்ளை இந்தியிலோ மராத்தியிலோ எடுத்துரைக்கிறது. மருத்துவர் தாயை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தே பேசுகிறார். அந்தக் கணத்தில் தாயின் முகத்தில் ஒரு கூச்சம் தோன்றுகிறது. பிள்ளை இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொள்ள அதுவே இடம்: அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதையோ, அம்மாவுக்கு என் உதவி வேண்டும் என்பதையோ. எதைக் கற்கும் என்பது பெரும்பாலும் அருகில் நிற்கும் தந்தையைப் பொறுத்தது. அவர் எரிச்சலோடு மனைவியை அதட்டினால் முதலாவதைக் கற்கும். தைத்திரீய உபநிடதத்தில் கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரை எல்லோரும் அறிந்தது. தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள்ளச் சொல்வது. அதே இடத்தில், தம்மிடமுள்ள நல்ல ஒழுக்கங்களை மட்டும் பின்பற்றினால் போதும், மற்றவற்றை வேண்டாம் என்றும் அந்த ஆசிரியர் சொல்கிறார். வேற்று மொழியின் முன் தடுமாறும் பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல். எல்லாம் தெரிந்தவர்களாக இருந்தால்தான் பிள்ளைக்கு வழிகாட்ட முடியும் என்று சாத்திரம் கேட்கவில்லை.

இத்தகைய குடும்பங்களைப் பிடித்திருக்கும் நோய் வேறு. "எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்" என்ற ஒரு வாக்கியம் அது. நல்ல குத்துவிளக்கு பெட்டியில் துணி சுற்றி இருக்கிறது, ஊரில் வீடு கட்டிய பிறகு ஏற்றுவதற்காக. பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்தோடு பழக்கம் இல்லை, எப்படியும் போகப்போகிறோமே. ஊரில் வீடு கட்டி முடிந்து, அது பூட்டியும் கிடக்கிறது. முப்பது ஆண்டுகள் இப்படியே கழிகின்றன. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்திற்காக 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, எத்தனை நாளைக்கு இங்கே என்ற பழைய கேள்வி புதிய கவலையோடு திரும்பி வந்தது. அந்தக் கவலை நியாயமானது. தலைக்கு மேலுள்ள கூரையைப் பற்றியது. ஆனால் கூரைக்கு ஆபத்து வருவதற்கு வெகுகாலம் முன்பே, மனத்தளவில் குடியேறாமலே வாழ்ந்தவர்கள் பலர். மாதுங்காவிலும் செம்பூரிலும் சொந்த வீட்டில் இருந்தபடியே அப்படி வாழ்ந்தவர்களும் உண்டு.

இதைப் பற்றின்மை என்று எண்ணிக்கொள்வோரும் இருக்கிறார்கள். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் உவமை ஒன்றை அவர்கள் துணைக்கு அழைப்பார்கள். உலகில் எவ்வாறு வாழ்வது என்று 1882-இல் மகேந்திரநாத் குப்தர் கேட்டபோது, பணக்காரர் வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்ணை அவர் எடுத்துக்காட்டினார். கேட்டவர் குடும்பஸ்தர், பிள்ளைகளின் தந்தை. பணிப்பெண் எல்லா வேலைகளையும் செய்கிறாள். அவள் மனம் தன் ஊரில் உள்ள வீட்டில் இருக்கிறது. இதைக் கேட்டதும், "நாமும் அப்படித்தானே, உடல் மும்பையில், மனம் திருநெல்வேலியில்" என்று தோன்றுவது இயல்பே. ஆனால் உவமையில் வரும் வீடு இறைவன். அதற்கு ரயிலில் பயணச்சீட்டு வாங்க முடியாது. மும்பையின்மீது பற்றில்லாமல் திருநெல்வேலியின்மீது பற்று வைத்தவர் பற்றை விட்டவர் அல்லர். இடம் மாற்றி வைத்தவர். மேலும், அந்தப் பணிப்பெண் எசமானரின் குழந்தைகளைத் தன் குழந்தைகளைப் போலவே உரிமையோடு வளர்க்கிறாள் என்ற பகுதியையும் பரமஹம்சர் சொல்லியிருக்கிறார். அவளுடைய மனம் வேறிடத்தில் இருப்பது வேலையில் ஒரு குறையாக வெளிப்படவே இல்லை.

பெற்றோர் காத்திருப்பு அறையில் அமர்ந்திருப்பதுபோல் வாழும்போது பிள்ளையின் நிலை என்ன? அதற்கு இதுதான் பிறந்த ஊர். தான் பிறந்த இடத்தைத் தன் தாய் தந்தையர் ஒரு பொருட்டாகவே கருதவில்லை என்பதை அது பேசாமலே புரிந்துகொள்கிறது. ஒருநாள் கேட்கும்: "நம்ம குலதெய்வம் ஊரிலேதானே இருக்கு, இங்கே நம்மை யார் பார்த்துக்கொள்வது?"

நந்தகோபரும் இத்தகைய கேள்வி ஒன்றைச் சந்தித்தார். புதிய ஊரிலும் ஆயர்கள் பரம்பரை வழக்கப்படி இந்திரனுக்கு வேள்வி செய்ய ஆயத்தமானார்கள். ஏழு வயதுக் கண்ணன், இது யாருக்காக, எதற்காக என்று தந்தையைக் கேட்டான். காட்டிலும் மலையிலும் வாழ்பவர்கள் நாம், நம்மைத் தாங்கும் பசுக்களையும் இந்த மலையையும் அல்லவா வழிபட வேண்டும் என்று வாதிட்டான். நந்தர் அவனை வாயடக்கவில்லை, அவையில் வைத்துக் கேட்டார், ஏற்றுக்கொண்டார். இந்திரனுக்கென்று சேர்த்த பொருள்கள் கோவர்த்தனத்திற்குப் படைக்கப்பட்டன. அப்போது அந்தப் பிள்ளை விதித்த இன்னொன்றும் உண்டு: சமைத்த உணவு நாய்க்கும், ஊரால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

மும்பைத் தமிழர்களும் தங்கள் கோவர்த்தனத்தைக் கண்டுகொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். 1932-இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952-இல் தொடங்கிய ஷண்முகானந்த சபா 1963-இல் தன் பேரரங்கைத் திறந்தது. செம்பூரில் சேடா நகர் முருகன் கோயில் கொண்டான். பக்தர்கள் அதைத் திருச்செம்பூர் என்றே அழைக்கிறார்கள். தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையில் தைத்திங்களன்று பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். இவையெல்லாம் அரிய சாதனைகள். ஆயினும் சுலோக வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, போட்டியில் முதற்பரிசா இரண்டாம் பரிசா என்று மட்டும் விசாரிக்கும் பெற்றோரைக் காணும்போது, நந்தர் தம் மகனோடு பேசிய அந்த உரையாடல் எந்த வீட்டில் நடைபெறுகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

கோவர்த்தன பூசையைத் தொடர்ந்து ஏழு நாள் பெருமழை. மலையின்கீழ் ஆயர்பாடி முழுவதும் ஒன்றாக நின்றது. யாருக்கு எந்த இடம் என்று பாகவதம் பிரித்துக் கூறவில்லை. மழை ஓய்ந்ததும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் மெல்ல வெளிவந்தார்கள். சாமான்கள் மீண்டும் வண்டிகளில் ஏறின. அவை கோகுலத்தை நோக்கித் திரும்பவில்லை.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பையில் பெய்த மழையை அந்நகரத்தார் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. மித்தி நதி கரை புரண்டது; ரயில்கள் நின்றன; பல நூறு உயிர்கள் மறைந்தன. எத்தனையோ குழந்தைகள் அன்றிரவு பள்ளிகளிலேயே தங்கின. இடுப்பளவு நீரில் வீடு நோக்கி நடந்தவர்களுக்கு வழியோரத்துக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் தேநீரும் பிஸ்கோத்தும் கொடுத்தார்கள். அதுவரை பேர்கூடக் கேட்டறியாத அடுத்த வீட்டாரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுக் கணவரைத் தேடிப் போனவர்கள் உண்டு. "போகப்போகிற ஊர்தானே" என்று பழகாமல் இருந்தவர்களுக்கு அவ்விரவு மிகவும் நீண்டதாக இருந்திருக்கும்.

மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். நடுவே மத்திய ரயில்வேயின் தண்டவாளங்கள். இரு பக்கமும் தமிழ்தான். எனினும் ஒரு பக்கத்துக் குழந்தைகள் மறுபக்கத்து வீட்டின் உள்ளே சென்று அமர்ந்ததில்லை. ஜாதியும் வருவாயும் ஊரிலிருந்து அதே வண்டியில் ஏறி வந்துவிட்டன. வேற்றூரில் தம் மொழி பேசுவோரைக் கண்டால் உள்ளம் குளிரும் என்பார்கள். தண்டவாளத்தைக் கடக்கும் அளவுக்குக் குளிர்ந்ததா என்பது கேள்வி. மறுபக்கத்திலிருந்து கடந்து வருபவர்கள் உண்டு. தாராவியின் தாய்மார் சிலர் காலையில் தங்கள் குழந்தையை அங்கன்வாடியிலோ அண்டை வீட்டுப் பாட்டியிடமோ விட்டுவிட்டு இப்பக்கம் வந்து, பாத்திரம் துலக்குகிறார்கள். இந்த வீட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார்கள். கண்ணே, ராசா என்று கொஞ்சுகிறார்கள்.

பரமஹம்சரின் உவமையைக் கேட்டுக் கூடத்தில் எல்லோரும் தலையசைக்கிறார்கள். உவமையோ சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறது. தன் பிள்ளை உணவு உண்டானா, தண்ணீர் வந்த நேரத்தில் யார் பிடித்து வைத்தார்கள் என்ற நினைவு அவளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கையில் உள்ள வேலை தவறவில்லை. மாலையில் பாலம் ஏறி இறங்கித் தன் அறைக்குத் திரும்புவாள். அவள் வருவதற்குள் அண்டை வீட்டுப் பாட்டி பலகையின்மேல் விளக்கேற்றி வைத்திருப்பாள். பிள்ளை அன்றைய பள்ளிக் கதையைப் பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் சொல்லத் தொடங்கும். அவனுடைய பெயரும் அவன் படிக்கும் வகுப்பும், அவள் பகலெல்லாம் உழைத்த வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்குமா?