விலையும் தகுதியும்

ஒரு பொருளின் விலை உயர்ந்தால் அதன் தகுதியும் உயருமா? மிதிவண்டியின் எஃகுச் சட்டம் இவ்வினாவுக்கு நல்லதொரு சான்றாகும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆணி செய்துவந்த ரெனால்ட்ஸ் குடும்பத்தார் 1897ஆம் ஆண்டில் புதியதொரு குழாய்க்குக் காப்புரிமை பெற்றனர். மிகுதியான விசை தாங்கும் முனைகளில் அதன் சுவர் தடித்தும், நடுவில் மெலிந்தும் இருந்தது. 1935இல் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ‘531’ என்னும் எஃகுக் குழாய் அவர்தம் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. பந்தய வீரர் பலர் அதனை விரும்பி ஏற்றனர்.

இத்தகைய எஃகுக்குக் கொடுக்கும் மிகைவிலைக்குக் கிடைப்பது யாது? கன அளவு ஒத்திருப்பின், உயர்ந்த எஃகும் எளிய எஃகும் ஏறக்குறைய ஒரே எடையுடையன. விறைப்பிலும் பெரிதும் வேறுபடா. வேறுபாடு வலிமையில் உள்ளது. வலிமை மிகுதலால் குழாயின் சுவரை மெலிதாக்கலாம்; அதனால் சட்டத்தின் எடை குறையும். அவ்வளவே.

நெடுந்தொலைவு மேடேறிச் செல்வோனுக்கு அக்குறைவு பெரும்பேறு. அருகிலுள்ள சந்தைக்குச் சென்று மீள்வோனுக்கோ, காற்றுக் குறைந்த சக்கரமொன்றே அப்பயனை விழுங்கிவிடும். மூட்டை ஏற்றுவோனுக்குத் தடித்த குழாயே துணை. மெல்லிய சுவர் அடிபட்டால் எளிதில் நசுங்கும்.

எனவே, பொருளின் தகுதியை அளப்பது அதனைக் கொள்வோன் அதற்கு இடும் பணியேயாம். பிறர் காணவேண்டுமென வாங்குவோன் தன் பெருமைக்கே விலை கொடுக்கின்றான். ஆயினும், மலிவை மட்டும் நாடுவது சிக்கனம் ஆகாது. தேவையறிந்து கொடுக்கும் உயர்விலை, நுண்ணிதின் உழைத்த தொழிலாளியின் திறனுக்குச் செய்யும் சிறப்பு. தன் தேவையை அறியாதானுக்கோ மலிவான பொருளும் வீண்செலவே அன்றோ?