நடுக்கமும் நடையும்

இறந்தவரை எடுத்துச் செல்வதற்கு முன், நீலகிரியில் உள்ள எங்கள் ஜெகதளாவில், மற்றப் படகர் ஊர்களான ஹட்டிகளைப் போலவே, பெரியவர் ஒருவர் கருஹரசோது சொல்வார். இறந்தவரும் அவருடைய முன்னோரும் செய்த பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவை நீங்க வேண்டுவது அது. எல்லைக் கல்லை நகர்த்திய பாவம் அதில் உண்டு. ஊர்ந்து போன பாம்பைக் கொன்ற பாவமும் உண்டு. தாவரவியல் ஆசிரியரான எனக்கு அங்கே ஒரு கேள்வி எழும். சூழ்நிலை தள்ளி நடந்ததும் ஒருவனுடைய செயல்தானா?

அதற்கு விடை தேடி மைக்ரோஸ்கோப்புக்கு வருகிறேன். ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தின் இலையை அதில் பார்த்தால், நடுநரம்பை ஒட்டிய செல்களில் பசுங்கணிகங்கள் சுவரோரமாகச் சுற்றிவரும். மயோசின் புரதம் ஆக்டின் இழைகள்மேல் நடப்பதால் உண்டாகும் ஓட்டம் அது. செல் செத்தால் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் செல்லுக்குள் மிதக்கும் நுண்துகள்களின் நடுக்கம் நிற்காது. 1827இல் மகரந்தத்துக்குள் இருந்த நுண்துகள்களில் அந்த நடுக்கத்தைக் கண்ட ராபர்ட் பிரவுன், உயிரின் அடையாளமோ என்று முதலில் நினைத்தார். கண்ணாடிப் பொடியும் அப்படியே நடுங்கியது. நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் மோதுவதால் வருவது அது; உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் பொது.

இனிதான் என்னை உலுக்கிய செய்தி. நம் நரம்புகளில் சரக்கு சுமக்கும் கைனசின் புரதத்தை 1985இல் கணவாயின் நரம்பில் கண்டுபிடித்தார்கள். அதற்கு இரண்டு கால்கள். ஓரடி 8 நானோமீட்டர். அடிக்கு, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. தூக்கிய கால், அதே குருட்டு மோதல்களில் முன்னும் பின்னும் அலைபாயும். ஏடிபி அதை முன்பக்கம் சாய்த்துவிடும். நடக்கும் இழையில் அடுத்த பிடிப்பிடம் தட்டுப்பட்டதும் கால் பற்றிக்கொள்ளும். நடுக்கம் இல்லாவிட்டால் ஓரடியும் நகராது. போதாததற்கு டைனீன் என்ற புரதம் எதிர்த்திசையில் இழுக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக் குழுவினர் இந்த இழுபறியை விரிவாக ஆராய்ந்தார்கள்.

திருக்குறளில் ஊழுக்கும் ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம். இரண்டும் முரண் என்று வாதிடுவோரை நிறையக் கேட்டிருக்கிறேன். கைனசினின் நடையைப் பார்த்த எனக்கு முரண் தெரியவில்லை. தள்ளுதல் எவருடையதும் அல்ல. பற்றிய பிடி நம்முடையது, அதற்கு நாம் செலவழித்ததும் நம்முடையது. எல்லைக் கல்லை நகர்த்தியவனை வறுமை தள்ளியிருக்கலாம். கல்லைப் பற்றியது அவன் கை. அதைப் பெயர் சொல்லிப் பாவம் என்பதும், அது நீங்கட்டும் என்று ஊரே சேர்ந்து வேண்டுவதும் நியாயம் என்றே நம்புகிறேன்.

எங்கள் மலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹைட்ரில்லாவின் ஓட்டத்தைக் காட்டும் அன்றே, நீரில் கலந்த கரி மைத் துகள்களின் நடுக்கத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.