கூரைமேல் வாழ்ந்த தோழன்

நம் கண்ணுக்குப் புலப்படாத ஒருவனைத் தன் நண்பன் என்று குழந்தை சொல்லும்போது நாம் புன்னகைக்கின்றோம். அந்த நண்பன்தான் பாத்திரத்தை உடைத்தான் என்று அதே குழந்தை சொல்லும்போது, புன்னகை மறைந்து கண்டிப்பு வந்துவிடுகின்றது. 'பொய் சொல்லாதே' என எட்டாம் கட்டளையை நினைவூட்டுகின்றோம். அக்கட்டளை அவ்வேளையில் குழந்தையிடம் மட்டுந்தான் பேசுகின்றதா?

சுவீடன் நாட்டு எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரன் (1907-2002) 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட, கூரைமேல் வாழும் கார்ல்சனைப் பற்றிய சிறுவர் கதை இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு சாதாரணக் குடும்பம். அதன் கடைக்குட்டிக்கு வயது ஏழு. வீட்டார் அவனைச் 'சின்னத் தம்பி' என்றே அழைப்பர். பெற்றோர் அன்புள்ளவர்கள், அண்ணனும் அக்காவும் உண்டு. ஆயினும் அவரவர்க்கு அவரவர் உலகம். நிறைந்த வீட்டிலும் அவன் தனியன். எத்தனை கோடி கொடுத்தாலும் அவனை விற்கமாட்டோம் என்று வீட்டில் சொல்ல, அவ்வளவு மதிப்புடையவனுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கச் சிறு தொகை தரலாகாதா என்று கேட்கின்றான். நாம் சிரிக்கின்றோம். ஆனால், அன்பு உண்டு என்று அறிவது வேறு, அன்பு அருகில் வந்து அமர்வது வேறு என்பதை அவன் தன் கணக்கில் சொல்லிவிட்டான்.

அவனுடைய சன்னலுக்குப் பறந்து வருபவன்தான் கார்ல்சன். முதுகில் சுழலும் விசிறியும் வயிற்றில் விசையும் கொண்ட குள்ளமான, பருத்த மனிதன். தற்பெருமைக்காரன், தின்பண்டப் பிரியன். பொம்மை நீராவி இயந்திரத்தை வெடிக்கச் செய்துவிட்டு அவன் பறந்து போக, பழி சிறுவன்மேல் விழுகின்றது. இத்தகையவனையா ஒரு குழந்தை நேசிக்கின்றது? ஆம். தனிமை நண்பனைத் தேர்ந்தெடுப்பதில்லை. தேடி வந்தவனை ஏற்றுக்கொள்கின்றது. இன்று கைப்பேசித் திரை வழியாக நம் பிள்ளைகளின் சன்னலுக்கு யார் யாரோ வருகின்றார்கள் என்பதை நினைத்தால், இது வெறும் வேடிக்கைக் கதையன்று.

கற்பனை எல்லாம் பொய்யாகுமா? பொருளுணர்த்தும் புனைவு பொய்யன்று, அது உண்மையின் உருவகம் என்பது புனித அகுஸ்தினாரின் கருத்து. ஊதாரி மைந்தனின் பெயரை எந்தப் பதிவேட்டில் தேடுவது? ஆயினும் அவனைவிட உண்மையான மனிதன் யார்? சிறுவன் கார்ல்சனைப் பற்றிச் சொல்வதிலும் அத்தகைய ஓர் உண்மை உள்ளது: 'எனக்கென்று ஒருவர் வேண்டும்' என்பதே அது.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், போதிய ஆதாரமின்றிப் பிறரிடம் குற்றம் காணும் அவசரத் தீர்ப்பையும் எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்கின்றது. பிறருடைய சொல்லையும் செயலையும் இயன்றவரை நல்ல பொருளிலேயே கொள்ளவேண்டும் என்கின்றது. 'பிறர்' என்பதில் நம் பிள்ளைகள் அடங்கமாட்டார்களா?

குழந்தை தன் தவற்றை மாய நண்பன் தலையில் சுமத்தினால் திருத்தவேண்டாமா என்று கேட்கலாம். திருத்தத்தான் வேண்டும். தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கக் கற்பிப்பது பெற்றோரின் கடமை. ஆனால் உடைந்த பாத்திரத்தைப் பற்றி விசாரிக்கும் நாம், அந்த நண்பன் எப்போது வருகின்றான், ஏன் வருகின்றான் என்றும் விசாரிக்கவேண்டும். முன்னதை மட்டும் கேட்பவர் நீதிபதி. இரண்டையும் கேட்பவரே பெற்றோர்.

கதையில், மகனின் பிறந்தநாளன்று கார்ல்சனைப் பெற்றோர் தம் கண்ணாலேயே கண்டுவிடுகின்றனர். அந்த வாய்ப்பு நமக்குக் கிட்டப்போவதில்லை. காணாமலே செவிசாய்க்க வேண்டியவர்கள் நாம். சிறு பிள்ளையைச் சீடர் நடுவே நிறுத்திய ஆண்டவர், அப்பிள்ளையை ஏற்பவர் தம்மையே ஏற்பதாகச் சொன்னார். ஒரு பிள்ளையை ஏற்பது என்பது, அதன் கதையை முடியும்வரை கேட்பதிலிருந்தே தொடங்குகின்றது.